ஒற்றைக் கையில் அடங்காத நாவல்

எனக்கு மிகவும் பிடித்த நாவலை இரவல் வாங்கிப் போன தோழி ஏழு மாதம் கழித்து அதைத் திருப்பிக் கொடுத்தாள். அலுவலகத்தில் எனக்கு இரண்டு மேசை தள்ளி உட்காருபவள். என்னைவிடப் பத்து வயது இளையவள். புத்தகத்தைத் துணிப்பையிலிருந்து இரண்டு கைகளாலும் எடுத்து என் மேசைமேல் வைத்து, "நன்றாக இருந்தது அக்கா" என்றாள். அவ்வளவுதான். நானும் மேற்கொண்டு கேட்கவில்லை. அவள் தன் இடத்துக்குப் போன பிறகு புத்தகத்தைப் புரட்டினேன். 38ஆம் பக்கத்தின் மேல்முனை மடிக்கப்பட்டு, பின்னர் நிமிர்த்தி, நகத்தால் நீவிவிடப்பட்டிருந்தது. மடிப்பின் கோடு மட்டும் போகவில்லை. அதற்கப்பால் இருந்த 694 பக்கங்களும் வாங்கிய அன்று இருந்ததைப் போலவே விறைப்பாக இருந்தன. அது இரவல் கொடுப்பதற்கென்றே நான் வாங்கி வைத்திருந்த பிரதி. இதற்கு முன்பு கொடுத்த பிரதி திரும்பி வரவே இல்லை. திரும்பி வராத புத்தகத்தை எண்ணி அன்றுவரை வருந்திக்கொண்டிருந்தவள், திரும்பி வந்ததை எண்ணி அதைவிட அதிகமாக வருந்தத் தொடங்கினேன்.

நாவலின் பெயரைச் சொல்லப்போவதில்லை. சொன்னால் இந்தக் கட்டுரையே அதற்கான இன்னொரு பரிந்துரையாகிவிடும். இருபது ஆண்டுகளாக நான் செய்துவரும் தவறை இங்கேயும் செய்தவளாவேன். ஒரு பெரிய குடும்பத்தின் நான்கு தலைமுறைக் கதை, கெட்டி அட்டை, பொடி எழுத்து, தொடக்கத்தில் ஒரு முழுப்பக்க வம்சாவளி, கதை சூடுபிடிக்க எண்பது பக்கம் ஆகும் என்ற அளவில் தெரிந்துகொண்டால் போதும்.

அந்த 38ஆம் பக்கம் என்னை விடவில்லை. "எனக்குப் பிடிக்கவில்லை" என்று அவள் சொல்லியிருந்தால் எதிர்த்துப் பேசியிருப்பேன்; இரண்டு வாசகர்கள் ஒரு புத்தகத்துக்காகச் சண்டை போடுவது இன்பமான காரியம். "படிக்க நேரமில்லை" என்றிருந்தால் நம்பாவிட்டாலும் ஏற்றுக்கொண்டிருப்பேன். ஆனால் "நன்றாக இருந்தது" என்பது உரையாடலை மரியாதையாக முடித்துவைக்கும் சொல். உப்பில்லாத சாப்பாட்டுக்கும் அதைத்தான் சொல்கிறோம், சுமாராகப் பாடிய பிள்ளையின் பெற்றோரிடமும் அதைத்தான் சொல்கிறோம். பல நாட்கள் அவள்மேல் எனக்கு ஓர் இளக்காரம் இருந்தது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். அவளுக்கு வாசிப்பில் ஆழம் போதாது, பெரிய நாவலுக்கான பொறுமை இந்தத் தலைமுறையிடம் இல்லை என்றெல்லாம் எனக்குள் ஒரு வழக்கை நடத்தி, அவளைக் கூண்டில் ஏற்றி, தீர்ப்பையும் எழுதி முடித்துவிட்டிருந்தேன்.

படித்ததாகச் சொன்னவர்கள்

அந்தப் புத்தகத்தைக் கொடுத்த நாளில் நான் என்னென்ன சொன்னேன் என்பதைப் பின்னால் நினைவுக்குக் கொண்டுவர முயன்றேன். "இதைப் படிக்காமல் நீ எப்படி இத்தனை நாள் இருந்தாய்?" என்று தொடங்கினேன். "கட்டாயம் படி" என்று இரண்டு முறை சொன்னேன். "முதல் எண்பது பக்கம் கொஞ்சம் மெதுவாகத்தான் போகும், தாண்டிவிட்டால் கீழே வைக்க மாட்டாய்" என்றும் சொன்னேன். இந்த மூன்றாவது வாக்கியத்தை நான் எல்லோரிடமும் சொல்லிவந்திருக்கிறேன் என்பது இப்போதுதான் உறைக்கிறது. ஒரு புத்தகத்தைக் கொடுக்கும்போதே அதற்காக மன்னிப்பும் கேட்டுக்கொள்கிறோமென்றால், வாங்குகிறவருக்கு அது உடனே ஒத்துவராது என்பது நமக்கு எங்கேயோ தெரிந்தேயிருக்கிறது என்றுதான் பொருள்.

முதல் வாக்கியம் இன்னும் மோசமானது. "இன்னுமா படிக்கவில்லை?" என்ற கேள்வியைக் கேட்டுக் கூசிப்போகாத வாசகர் யாராவது உண்டா என்று தெரியவில்லை. தமிழில் புத்தகப் பரிந்துரை என்றாலே நினைவுக்கு வருபவர் விமரிசகர் க.நா.சு. தமிழ் நூல்களை அறிமுகப்படுத்தி அவர் எழுதிய கட்டுரைகளின் தொகுதிக்கு 'படித்திருக்கிறீர்களா?' என்றே பெயர் வைத்தார். ஒரே கேள்விதான், சொல்லும் குரலைப் பொறுத்து அது அழைப்பாகவும் ஒலிக்கும், தேர்வறையில் நீட்டப்படும் வினாத்தாளாகவும் ஒலிக்கும். க.நா.சு.வின் பட்டியல்களோடு சண்டை போட்டவர்கள் அவர் காலத்திலும் இருந்தார்கள், இப்போதும் இருக்கிறார்கள். ஆனால் விமரிசகருக்கு ஒரு நியாயம் உண்டு. அவர் முகம் தெரியாத கூட்டத்துக்கு எழுதுகிறார். எந்த வாசகர் எந்த வரியில் தனக்கானதைக் கண்டெடுப்பார் என்பதை அவரால் அறிய முடியாது. இரண்டு மேசை தள்ளி உட்காரும் பெண்ணிடம் அதே குரலில் பேசிய எனக்கு அந்தச் சமாதானம் இல்லை.

கேள்வியின் மறுபக்கத்திலும் நான் நின்றிருக்கிறேன். கல்லூரி நாட்களில், நான் பெரிதும் மதித்த ஒருவர் ஒரு புகழ்பெற்ற நாவலைப் படித்திருக்கிறாயா என்று கேட்டபோது, அவருடைய புருவம் உயரத் தொடங்கியதைப் பார்த்துப் பயந்து, "படித்திருக்கிறேன்" என்று சொல்லிவிட்டேன். அதன் விளைவு விசித்திரமானது. படித்ததாகச் சொன்ன புத்தகத்தை அவர் கண்ணில் படும்படி வாங்க முடியாது, நூலகத்தில் அவர் இருக்கும்போது எடுக்க முடியாது, அதில் புரியாத இடத்தை அவரிடம் கேட்கவும் முடியாது. கடைசியில் செய்தித்தாளால் அட்டை போட்டு, கெட்ட புத்தகம் படிப்பவளைப்போல ஒளித்து ஒளித்து அந்த உயர்ந்த இலக்கியத்தைப் படித்து முடித்தேன். பிடித்ததா இல்லையா என்பதே இன்றுவரை எனக்குத் தெளிவாகவில்லை. படித்த நேரம் முழுவதும் என் பொய்யைக் காப்பாற்றுவதிலேயே மனம் இருந்தது.

நமக்குப் பிடித்த புத்தகத்தை இன்னொருவருக்குச் சொல்லும்போது உண்மையில் என்ன வேண்டுகிறோம் என்று யோசித்தால், நான் கண்ட விடை அவ்வளவு கௌரவமானதாக இல்லை. எனக்கு வேண்டியிருந்தது ஒரு சாட்சி. அந்த நாவலைப் படித்தபோது எனக்குள் நேர்ந்தது வெறும் என் கற்பனை அல்ல, அது வேறொருவருக்கும் நேரும் என்று யாராவது வந்து சொல்ல வேண்டும். அவள் 38ஆம் பக்கத்தில் நின்றபோது எனக்கு வலித்ததற்குக் காரணம் அதுதான். நாவலுக்கு ஒன்றும் ஆகவில்லை. அதை மறுத்தவர்கள் ஏராளம், அது பாட்டுக்கு இருக்கிறது. ஆட்டம் கண்டது என்னுடைய சாட்சியம்.

ரயிலில் பார்த்தது

என் வண்டி பழுதுபார்க்கப் போயிருந்த ஒரு வாரம் நான் ரயிலில் போய்வர நேர்ந்தது. மூன்றாவது நாள் மாலை, நெரிசலில் என்னை உள்ளே தள்ளிக்கொண்டு வந்து நிறுத்திய இடத்திலிருந்து பார்த்தால், நான்கைந்து தலைகளுக்கு அப்பால் அவள் நின்றுகொண்டிருந்தாள். என்னைக் கவனிக்கவில்லை. வலது கை மேலே தொங்கும் கைப்பிடியைப் பற்றியிருந்தது. தோளில் கைப்பை, முழங்கையில் சாப்பாட்டுப் பை. இடது கையில் ஒரு புத்தகம். மெலிந்த புத்தகம், நூறு பக்கத்துக்குச் சற்று மேலே இருக்கலாம். அதை அவள் பிடித்திருந்த விதத்தை நான் இறங்கும்வரை பார்த்துக்கொண்டே வந்தேன். கட்டைவிரல் இரு பக்கங்களுக்கும் நடுவே பள்ளத்தில் அழுந்தியிருந்தது. நடு மூன்று விரல்கள் முதுகைத் தாங்கின. சுண்டுவிரல் அடியில் ஒரு முட்டுக்கட்டையைப்போலக் கொடுக்கப்பட்டிருந்தது. பக்கம் திருப்ப வேண்டியபோது புத்தகத்தைத் தாடைக்கு அடியில் ஒரு கணம் அழுத்திக்கொண்டு, கட்டைவிரலால் தாளைத் தள்ளி, அது மறுபக்கம் விழுந்ததும் பழையபடி கையை நீட்டினாள். வண்டி குலுங்கியபோது உடம்பு ஆடியது, கண் வரியை விட்டு நகரவில்லை. பொறுமை இல்லாத தலைமுறை என்று நான் தீர்ப்பெழுதியிருந்தது இந்தப் பெண்ணைப் பற்றித்தான்.

மறுநாள் தேநீர் வேளையில் அவளிடம் அதைச் சொன்னேன். வெட்கப்பட்டுச் சிரித்தாள். போக நாற்பது நிமிடம், வர நாற்பது நிமிடம், அவளுடைய படிப்பு முழுவதும் அந்த எண்பது நிமிடத்தில்தான். வீட்டுக்குப் போனால் இரண்டு பிள்ளைகள், அடுக்களை, எல்லோரும் படுக்கும் ஒரே கூடம். விளக்கை எரியவிட்டுக்கொண்டு படிக்க முடியாது. ரயிலிலும் மூன்று நாளுக்கு ஒரு நாள்தான் உட்கார இடம் கிடைக்கும். "அப்படியென்றால் என் புத்தகம்?" என்று கேட்டேன். கொஞ்சம் தயங்கிவிட்டுச் சொன்னாள்: "முதல் வாரம் தினமும் எடுத்துப் போனேன் அக்கா. நின்றுகொண்டு பிடிக்க முடியவில்லை, மணிக்கட்டு வலித்தது. அதிலும் யார் யாருக்குப் பேரன் என்று பார்க்க அடிக்கடி முன்பக்கம் போக வேண்டியிருக்கிறதே, ஒரு கையால் எப்படிப் போவது? உட்கார இடம் கிடைத்த நாட்களில் மட்டும் படித்தேன். அடுத்த முறை எடுக்கும்போது பெயரெல்லாம் மறந்துபோயிருக்கும்."

"அப்போதே சொல்லியிருக்கலாமே?"

"நீங்கள் அவ்வளவு ஆசையாகக் கொடுத்தீர்கள்."

அன்று இரவு அடுக்களைத் தராசில் அந்தப் பிரதியை வைத்துப் பார்த்தேன். 1 கிலோ 120 கிராம். பிறகு அதை இடது கையில் பிடித்து, வலது கையால் கதவின் மேல்சட்டத்தைப் பற்றிக்கொண்டு நின்றபடி படித்துப் பார்த்தேன். நான்கு நிமிடம் தாங்கினேன். ஒன்பதாம் பக்கத்தில் வரும் கொள்ளுப்பாட்டன் வம்சாவளியில் எந்தக் கிளையில் இருக்கிறான் என்று பார்க்க முயன்றபோது புத்தகம் கீழே விழுந்தது. இருபது ஆண்டுகளாக நான் கொண்டாடிவரும் அந்த வம்சாவளிப் பக்கம் இரண்டு கைகளும் ஒரு மேசையும் உள்ளவர்களுக்காக அச்சிடப்பட்டது என்பது அதுவரை எனக்குத் தோன்றியதே இல்லை.

நூலகவியலாளர் எஸ்.ஆர். ரங்கநாதன் 1931இல் வெளியிட்ட ஐந்து விதிகள் வாசகர்கள் பலரும் கேள்விப்பட்டவைதான். ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்குரிய நூல், ஒவ்வொரு நூலுக்கும் அதற்குரிய வாசகர் என்ற இரண்டாம், மூன்றாம் விதிகளைத்தான் நாம் அடிக்கடி மேற்கோள் காட்டுகிறோம். அவற்றில் கொஞ்சம் கவித்துவம் இருக்கிறது. நூல்கள் பயன்பாட்டுக்கே என்ற முதல் விதியை, இதைச் சொல்லவும் வேண்டுமா என்று நான் தாண்டிப் போயிருந்தேன். ஆனால் கணிதம் கற்பித்துவிட்டு நூலகத்துக்கு வந்த அந்த மனிதர் முதல் விதியை விளக்கப் புகும்போது எங்கே போகிறார் என்றால், நூலகம் எங்கே அமைந்திருக்கிறது, எத்தனை மணிக்குத் திறக்கிறது, நாற்காலி, மேசை, அலமாரி எப்படி இருக்கின்றன என்பதற்குத்தான் போகிறார். ஒரு காலத்தில் நூல்களை அலமாரியோடு சங்கிலியால் பிணைத்து வைத்திருந்ததை நினைவூட்டிவிட்டு அங்கே போகிறார். எட்டாத உயரத்தில் இருக்கும் அலமாரியும் ஒரு சங்கிலிதான் என்று அதைப் புரிந்துகொண்டேன். 1 கிலோ 120 கிராமும் அப்படித்தான். ரசனை, ஆழம், தலைமுறை என்று நான் மேலே மேலே காரணம் தேடிக்கொண்டிருந்தபோது, காரணம் ஒரு மணிக்கட்டில் இருந்தது.

சித்தி எடுத்து வந்த புத்தகம்

அவள் எப்படிப் படிக்கிறாள் என்று தெரிந்துகொண்ட பிறகுதான், நான் எப்படிப் படித்தேன் என்ற கேள்வி வந்தது. எனக்கு அப்போது 23 வயது. வலது கால் முறிந்து, மாவுக்கட்டுப் போட்டு, ஆறு வாரம் படுக்கையில் கிடந்தேன். தலையணை ஒன்றை வயிற்றின்மேல் வைத்து, அதன்மேல் அந்த நாவலைச் சாய்த்துவைத்துப் படித்தேன். வேறு வேலை கிடையாது, யாரும் என்னிடம் எதையும் எதிர்பார்க்கவில்லை, எழுந்து போகவும் வழியில்லை. முதல் எண்பது பக்கத்தில் ஆறு மெல்ல வற்றுகிறது, மனிதர்கள் திண்ணையில் உட்கார்ந்து பேசிக்கொண்டேயிருக்கிறார்கள். நானும் சன்னலில் வெயில் நகர்வதைப் பார்த்தபடி கிடந்தேன். நாவலின் வேகமும் என் நாளின் வேகமும் ஒன்றாக இருந்தன. நாவலில் ஒரு பருவம் கழிவதற்குள் என் மாவுக்கட்டில் அரிப்பு தொடங்கியது. அந்த ஆறு வாரத்தை நான் நாவலின் குணமாகவே எண்ணிக்கொண்டுவிட்டேன். பின்னாளில் அதைப் பதினைந்து பேருக்காவது பரிந்துரைத்திருப்பேன். ஒருவருக்கும் அந்த ஆறு வாரத்தைச் சேர்த்துக் கொடுக்கவில்லை. என்னாலும் கொடுத்திருக்க முடியாது. ஆனால், என்னிடம் இருந்தது அவர்களிடம் இல்லை என்று தெரிந்தாவது இருந்திருக்கலாம்.

அந்த நாவலை எனக்குக் கொண்டுவந்து தந்தவர் சித்தி. என் வாசிப்பு வாழ்க்கையின் மிகச் சிறந்த பரிந்துரை எதுவென்று கேட்டால் அதைத்தான் சொல்வேன். ரயில் சம்பவத்துக்குப் பிறகு ஒரு நாள் தொலைபேசியில் அவரிடம் கேட்டேன்: "சித்தி, அந்தப் புத்தகத்தில் உங்களுக்கு எந்த இடம் பிடிக்கும்?" இருபத்தோரு ஆண்டுகளில் இதை ஒரு முறைகூடக் கேட்டிருக்கவில்லை. மறுமுனையில் சிரிப்புச் சத்தம் கேட்டது. "நான் எங்கே அதைப் படித்தேன்? நீ கால் ஒடிந்து கிடந்தாய். நூலகத்தில் இருந்ததிலேயே தடியானது எதுவென்று பார்த்து எடுத்து வந்தேன். சின்னப் புத்தகமென்றால் நாலு நாளில் முடித்துவிட்டு மறுபடியும் அழ ஆரம்பித்திருப்பாய்."

தொலைபேசியை வைத்த பிறகு கொஞ்ச நேரம் எனக்கு ஒன்றும் ஓடவில்லை. புத்தகத்தை நேசிக்கிறவர்தான் அதைப் பரிந்துரைக்க முடியும் என்ற என் கொள்கை அந்தச் சிரிப்பில் போய்விட்டது. சித்திக்கு நாவலைப் பற்றி ஒன்றுமே தெரியாது. என் காலைப் பற்றி எல்லாம் தெரியும். எனக்கு நாவலைப் பற்றி எல்லாம் தெரியும். என் தோழி வீட்டுக்கு எப்படிப் போகிறாள் என்பதுகூடத் தெரியாது.

நன்னூலின் பாயிரப் பகுதியில் ஆசிரியர் பாடம் சொல்லும் முறையைப் பற்றி ஒரு சூத்திரம் உண்டு. பள்ளியில் மனப்பாடம் செய்து, மதிப்பெண் வாங்கி, மறந்துபோனது. அதில் பாடம் சொல்வதற்கு 'நூல் கொடுத்தல்' என்ற தொடரைப் பவணந்தியார் கையாள்கிறார். கையில் கொடுக்கும் புத்தகத்தை அவர் நினைத்திருக்க வழியில்லை. நூலைக் கற்பிப்பதைத்தான் சொல்கிறார். ஆனாலும் இப்போது எடுத்துப் படித்தபோது ஒவ்வொரு சொல்லும் என்னைப் பார்த்தே சொல்வதாக இருந்தது. முதலில் காலமும் இடமும் பார்க்க வேண்டும் என்கிறார். பிறகு விரையாமல், வெகுளாமல், முகமலர்ந்து, 'கொள்வோன் கொள்வகை', அதாவது கற்பவர் எப்படி ஏற்றுக்கொள்வார் என்பதை, அறிந்து, கோணலில்லாத மனத்தோடு கொடுக்க வேண்டும் என்கிறார். என் கணக்கைப் போட்டுப் பார்த்தேன். முகமலர்ச்சி மட்டும் என்னிடம் தாராளமாக இருந்தது. காலமும் பார்க்கவில்லை, இடமும் பார்க்கவில்லை, விரைந்தேன், மடிப்பைப் பார்த்து வெகுண்டேன். கொள்வகை என்ற சொல்லில் மணிக்கட்டும் அடக்கம் என்று உரையாசிரியர் யாரும் எழுதியிருக்க மாட்டார்கள், நான் எழுதிக்கொண்டேன்.

அதே பகுதியில் சிறப்புப்பாயிரத்துக்குரிய எட்டுச் செய்திகளையும் நன்னூல் வகுக்கிறது. ஆக்கியோன் பெயர், வழி, எல்லை, நூலின் பெயர், யாப்பு, நுதலிய பொருள், கேட்போர், பயன். ஒரு நூலுக்கு முன்னுரை சொல்கிறவர், அதைக் கேட்பதற்கு உரியவர் யார் என்பதையும் சொல்லியாக வேண்டும்! இன்றைய பின்னட்டைகளில் மற்ற ஏழும் ஏதோ ஒரு வடிவில் இருக்கின்றன, பயன் சற்றுத் தூக்கலாகவே இருக்கிறது. கேட்போர் மட்டும் காணாமல் போய்விட்டார். எல்லோரும் படிக்க வேண்டிய புத்தகம் என்றே எல்லாப் பின்னட்டையும் சொல்கிறது. சிறப்புப்பாயிரத்தை நூலாசிரியர் தானே சொல்லிக்கொள்ளக் கூடாது, அவருடைய ஆசிரியரோ, உடன் கற்றவரோ, மாணாக்கரோ, உரைகாரரோதான் சொல்ல வேண்டும் என்றும் இருக்கிறது. உடன் கற்றவர் என்ற அந்த இடத்தில்தான் பரிந்துரைக்கும் வாசகர்களாகிய நாம் நிற்கிறோம் என்று நினைக்கிறேன்.

கேட்கத் தெரிந்த இயந்திரம்

இதையெல்லாம் யோசித்துக்கொண்டிருந்தபோது, புத்தகம் பரிந்துரைக்கும் கணினி நிரல்களைப் பற்றி முன்பு படித்தது நினைவுக்கு வந்தது. 1979இல் எலைன் ரிச் என்ற ஆய்வாளர் கிரண்டி என்றொரு நிரலை உருவாக்கினார். நூலகரைப்போல நடந்துகொண்டு நாவல்களைப் பரிந்துரைப்பது அதன் வேலை. வந்தவரிடம் தம்மைப் பற்றிச் சில சொற்களில் சொல்லச் சொல்லும். அந்தச் சொற்களிலிருந்து இவர் இப்படிப்பட்டவர் என்று ஒரு வார்ப்பை ஊகித்துக்கொண்டு ஒரு நாவலைச் சொல்லும். அந்த ஊகம் முரட்டுத்தனமானதுதான், நம்மில் பலர் செய்வதும் அதுவே. என்னைக் கவர்ந்தது வேறு. சொன்ன நாவலை வந்தவர் வேண்டாமென்றால், எந்த அம்சம் பிடிக்கவில்லை என்று அது விசாரித்து, அவரைப் பற்றிய தன் எண்ணத்தைத் திருத்திக்கொள்ளும். திருத்திக்கொண்டது தன் எண்ணத்தை, வாசகரை அல்ல. பிற்பாடு வந்த பெரிய இணையக் கடைகளின் முறை வேறு. அமேசானின் பொறியாளர்கள் மூவர் 2003இல் விளக்கி எழுதிய வழியில், ஆளோடு ஆளை ஒப்பிடுவதற்குப் பதில் பொருளோடு பொருள் ஒப்பிடப்படுகிறது: எவை எவற்றோடு சேர்ந்து வாங்கப்படுகின்றன என்ற கணக்கு. அந்தக் கணக்கு என் நாவலை வாங்கியவருக்கு இன்னொரு தடித்த நாவலைச் சரியாகவே காட்டும். அதை அவர் எங்கே நின்றுகொண்டு படிப்பார் என்று கேட்காது. நானும் கேட்டிருக்கவில்லை, எனக்குக் கணினியளவு வேகமும் கிடையாது.

இப்போதெல்லாம் யாராவது "ஒரு நல்ல புத்தகம் சொல்லுங்கள்" என்று கேட்டால் உடனே வாய் திறப்பதில்லை. கடைசியாக எதை விரும்பிப் படித்தீர்கள் என்று கேட்கிறேன்; வாசகர்களுக்கு வழிகாட்டும் நூலகர்கள் வழக்கமாகத் தொடங்கும் கேள்வி அது. அதில் எது பிடித்தது என்று அடுத்துக் கேட்கிறேன். அமெரிக்க நூலகர் நான்சி பேர்ல் ஒரு புத்தகத்துக்குள் நுழைய நான்கு வாசல்கள் இருப்பதாகச் சொல்வார்: கதை, மாந்தர், களம், மொழி. கதைவாசலில் காத்திருப்பவரிடம் மொழிவாசலின் சாவியை நீட்டினால் அவர் என்ன செய்வார்? என் நாவல் மொழிவாசல் மட்டுமே அகலத் திறந்திருக்கும் வீடு, கதைவாசலுக்குப் போக எண்பது பக்கம் சுற்றிக்கொண்டு வர வேண்டும். மூன்றாவதாக நானே சேர்த்துக்கொண்ட கேள்வி: எங்கே, எப்போது படிப்பீர்கள்? இந்தக் கேள்விக்கு மனிதர்கள் சொல்லும் பதில்கள், அவர்களுக்குப் பிடித்த எழுத்தாளர்களைப் பற்றிச் சொல்லும் பதில்களைவிட எனக்குச் சுவையாக இருக்கின்றன. ஒருவர் பிள்ளையைத் தோளில் போட்டுத் தூங்கவைக்கும்போது கைப்பேசியில் படிக்கிறார். இன்னொருவர் இரவுக்காவல் வேலையில் அரை மணிக்கு ஒரு முறை எழுந்து சுற்றிவர வேண்டியவர். எங்கே விட்டாலும் பிடித்துக்கொள்ளக்கூடிய சிறிய அத்தியாயங்கள் வேண்டும் என்கிறார்.

இதில் எனக்கே ஒரு மறுப்பு இருக்கிறது, அதை மறைத்தால் நேர்மையாகாது. இப்படி ஆளுக்கு அளவெடுத்துத் தைத்துக் கொடுத்துக்கொண்டேயிருந்தால், ஒத்துவராத புத்தகம் ஒன்றோடு மல்லுக்கட்டி, தோற்று, பத்து ஆண்டு கழித்து மறுபடியும் எடுத்து அதற்குள் நுழையும் அனுபவம் யாருக்குக் கிடைக்கும்? எனக்குக் கவிதை அப்படித்தான் கிடைத்தது. என் வயதும் நேரமும் பார்க்காத ஒரு முரட்டு ஆசிரியை என் தலையில் கட்டியதால் கிடைத்தது. அவருக்குக் கொள்வகை தெரிந்திருந்தால் எனக்குச் சிறுகதையோடு நின்றிருக்கும். ஆகவே இடறச்செய்யும் புத்தகத்தைக் கொடுக்கவே கூடாது என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் ஒரு புத்தகம் ஒருவரை அதன் எழுத்தால் இடறச்செய்வது வேறு, எடையால் இடறச்செய்வது வேறு. அந்த ஆசிரியை கொடுத்த தொகுப்பு என் சட்டைப்பைக்குள் அடங்கும் அளவில்தான் இருந்தது.

நான்சி பேர்ல் சொன்ன இன்னொரு யோசனையும் வாசகர்களிடையே பிரபலம்: எந்தப் புத்தகத்துக்கும் ஐம்பது பக்கம் அவகாசம் கொடுங்கள், பிடிக்கவில்லையென்றால் மூடிவிடலாம், ஐம்பது வயதைத் தாண்டியவர்கள் நூறிலிருந்து தம் வயதைக் கழித்துக்கொண்டு அத்தனை பக்கம் படித்தால் போதும். இந்தக் கணக்கில் என் தோழி எனக்குப் பன்னிரண்டு பக்கம் கடன்பட்டிருக்கிறாள். 74 வயதாகும் சித்திக்கு 26 பக்கம் போதும். அவரிடம் இதைச் சொன்னபோது, "அதையாவது படிக்கவா?" என்று கேட்டார். வேண்டாம் என்றுவிட்டேன். அந்தப் பரிந்துரை இருக்கிறபடியே இருக்கட்டும்.

தோழி போன வாரம் எனக்கு ஒரு புத்தகம் கொடுத்தாள். ரயிலில் அவள் கையில் பார்த்த அந்த மெலிந்த புத்தகம்தான், 112 பக்கம். கொடுக்கும்போது கட்டாயம் என்ற சொல்லைப் பயன்படுத்தவில்லை, "நீங்கள் படுத்துக்கொண்டுதானே படிப்பீர்கள்? எழுத்து கொஞ்சம் பெரிதாகவே இருக்கிறது" என்று மட்டும் சொன்னாள். நேற்று இரவு 52ஆம் பக்கம் வரை வந்தேன். உண்மையைச் சொன்னால், பிடிக்கவில்லை. வாக்கியங்கள் தந்தியடிக்கின்றன, ஒவ்வொரு அத்தியாயமும் கதவைச் சாத்திக்கொண்டு போகிறது. நின்றுகொண்டு படிக்கிறவருக்கு அந்தக் கதவுகள் எவ்வளவு வசதி என்பது புரிகிறது. படுத்திருக்கிறவளுக்கு அவை எரிச்சலாக இருக்கின்றன. நாளை அவள் கேட்பாள். 52ஆம் பக்கத்தின் மேல்முனையை மடித்துவைத்திருக்கிறேன். அதை நீவிவிடாமல் அப்படியே எடுத்துப் போகப்போகிறேன்.